வெள்ளி ராவு

அந்த வரைபடம் அவ்வளவு வடிவாக வந்திருக்கக் கூடாது. வடிவாக வந்ததுதான் வில்லங்கம்.

தொண்ணூற்றேழாம் வருஷம், செப்டெம்பர் மாதம். மாத்தளையில் ஒரு சுகாதார அலுவலகத்தின் பின்னறையில், புதிதாக வந்திறங்கிய கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் புள்ளிவிபர உத்தியோகத்தர் தவமணிதேவி. யாழ்ப்பாணத்துக்காரி. இடம்பெயர்ந்து வவுனியா வந்து, அங்கிருந்து மாற்றலாகி மாத்தளைக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அலுவலகத்தில் அந்தக் கம்பியூட்டரைத் தொடத் துணிந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் அதற்குத் துணி போர்த்தி, ஊதுபத்தி கொளுத்தாத குறையாக வைத்திருந்தார்கள். அவளோ வந்த அன்றைக்கே துணியை உருவிப் போட்டுவிட்டு, எந்த ஊரில் எந்தக் காய்ச்சல் எந்த மாதம் வருகிறது என்று கோடு கோடாக இழுத்துத் தள்ளினாள். நாவுலப் பக்கம் மலேரியா எப்போது ஏறும் என்று மழைக் கணக்கை வைத்து அவள் முன்கூட்டியே சொன்னதும், மருந்தடிக்கிற ஆட்கள் நேரத்தோடு போய் இறங்கியதும், அந்தப் பருவம் பெரிய சேதமில்லாமல் கழிந்ததும் உண்மை. அதனால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்ததும் உண்மை. வரத்தானே செய்யும்.

ஆட்கள் சொல்வதை நம்பக் கூடாது, இலக்கத்தைத்தான் நம்பவேண்டும் என்பது அவள் கட்சி. அந்த இலக்கமும் ஏதோ ஒரு ஆள் வாயால் சொல்லித்தானே வருகிறது என்பதை அவள் யோசிக்கவில்லை.

விவகாரம் இதுதான். நாவுல ரோட்டிலிருந்து உள்ளே போனால் கஹட்டகொல்லை என்று ஒரு முஸ்லிம் கிராமம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு அங்கே ஒரு கல்யாணச் சாப்பாடு. ஊர் முழுக்க அழைப்பு. சனிக்கிழமை பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு வாந்தி, வயிற்றோட்டம். நல்லகாலம், ஒருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் பாய் விரிக்கவும் இடமில்லை.

அலுவலகத்தின் தலைவர் டொக்டர் உருத்திரமூர்த்தி உடனே ஒரு கேள்விப் பத்திரம் அடித்துக் கொடுத்தார். ஊர் வாலிபர்கள் வீடு வீடாகப் போய் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். கேள்வி அதிகமில்லை. எப்போது தொடங்கியது, கல்யாண வீட்டில் சாப்பிட்டீர்களா, வீடு எங்கே இருக்கிறது. தவமணிதேவி எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றினாள். முக்கால்வாசிப் பேர் "வெள்ளி இரவு" என்றே சொல்லியிருந்தார்கள். பகல் சாப்பாடு, அன்று இரவே வயிற்றுவலி. வரைபடத்தில் கோடு தரையில் படுத்துக் கிடந்து, சாப்பாடு முடிந்து சில மணி நேரத்தில் விறுவிறு என்று மேலே ஏறி, பிறகு சனி, ஞாயிறு என்று இறங்கியது. படித்த புத்தகத்தில்கூட அப்படி ஒரு கோட்டை அவள் கண்டதில்லை.

இரண்டே இரண்டு கரைச்சல். சிலர் "வெள்ளி காலை" என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முதலே வயிற்று வருத்தமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குக் காலை மாலை எங்கே நினைவிருக்கப் போகிறது என்று அவர்களைப் பென்சிலால் வெட்டினாள். இன்னொருவர் பொன்னையா என்று ஒரு ட்ரக்டர்காரர். கஹட்டகொல்லைக்காரர் இல்லை, கல்யாண வீட்டில் சாப்பிடவும் இல்லை. ஆஸ்பத்திரியில் மற்றவர்களோடு படுத்திருந்ததால் அவருடைய பத்திரமும் கலந்து வந்துவிட்டது. இது வேறு ஏதோ வருத்தம் என்று அதையும் ஒதுக்கிவைத்தாள். வெட்டியதும் ஒதுக்கியதும் போக, கோடு இன்னும் வடிவாகிவிட்டது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றார். திங்கட்கிழமை அலுவலக ஜீப் கஹட்டகொல்லைக்குப் போனது. கல்யாணச் சாப்பாடு ஆக்கிய மீராசாஹிப்பின் கிடாரங்கள் எல்லாவற்றையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு வைத்துச் சீல் அடித்துவிட்டு வந்தார்கள்.

மீராசாஹிப் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மீராசாஹிப் நானா ஆக்குகிறார் என்றால், அழைப்பில்லாதவன்கூட ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வருவான். உப்புப் பார்க்க நாக்கில் வைக்க மாட்டார், ஆவியை மோந்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் கிடாரத்துக்கு அரசாங்க அரக்கு விழுந்ததும், ஊரே இரண்டாகப் பிரிந்து பேசத் தொடங்கியது. அதைவிட மோசம், வருஷாவருஷம் அவர் ஆக்குகிற பள்ளிவாசல் கந்தூரிச் சாப்பாடு அந்தக் கிழமையே வருகிறது. வியாழன் மத்தியானத்துக்குள் கிடாரம் வெளியே வராவிட்டால் அக்குறணையிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவோம் என்று பள்ளிவாசல் நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒரு தரம் கந்தூரி கைமாறினால், நஞ்சுச் சோறு போட்டவன் என்ற பெயர் பிறகு மண்ணுக்குள் போகும்வரை அவரை விடாது.

செவ்வாய்க்கிழமை காலை மனிதர் தொப்பியும் குடையுமாக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். டொக்டர் வெளியே போயிருந்தார். எனவே தவமணிதேவியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மிஸ், வருத்தம் வெள்ளி ராவே தொடங்கிட்டுதானே," என்றார்.

"ஓம், வெள்ளி இரவுதான். அதைத்தான் நானும் சொல்லுறன்."

"ராவு வந்த வருத்தம், பகல் போட்ட சாப்பாட்டால எப்படி மிஸ் வரும்?"

"வேற எதால வாறது?"

மீராசாஹிப் அவள் முகத்தைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு கூடிப்போய் மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்தார். அவளோ, இந்த மனிதருக்கு என்ன துணிச்சல், குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு என்னிடமே கேள்வி கேட்கிறாரே என்று நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்ச நேரம் மோதினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுதுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் அவர் குரலை இறக்கிக்கொண்டார். வெள்ளி ராவு கந்தூரி, அதற்குள் கிடாரத்தைத் தந்துவிடுங்கள் என்று கேட்டார். வியாழன் பின்னேரம் அறிக்கை போகும், வெள்ளி காலையில் டொக்டர் முடிவு சொல்வார், உங்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது என்று அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"வெள்ளி காலையில தந்தா அதுல நான் என்ன மிஸ் ஆக்குற? கந்தூரி முடிஞ்ச வீட்டுல பாத்திரம் கழுவவா?" என்றார் மீராசாஹிப். குடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த முகம் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்கிற முகமாக அது தெரியவில்லை. ஆனால் முகத்தைக் கம்பியூட்டரில் ஏற்ற முடியாதே. அன்று அலுவலகம் முடிந்த பிறகும் இருந்து, அறிக்கையின் முதல் பக்கத்தைத் தட்டினாள்.

தவமணிதேவி வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு நூருன்னிஸா டீச்சருடையது. நடுவில் ஒரு மதில், மதிலுக்கு மேலால் கறிக்கிண்ணம் போய்வருகிற அளவுக்குச் சிநேகம். தங்கையின் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் வைத்திருக்கிறோம், புதன் ராவு கட்டாயம் வந்துவிடுங்கள் என்று டீச்சர் திங்கட்கிழமையே மதிலுக்கு மேலால் சொல்லியிருந்தார். தவமணிதேவி மறக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் குளித்து, சேலை மாற்றி, பிள்ளைக்கு வாங்கிய சட்டைப் பெட்டியோடு, பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த பிறகு போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த டீச்சர் கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி இருந்தது. உள்ளே விருந்துக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. வாடகைக்கு எடுத்த கதிரைகள் திருப்பி அனுப்புவதற்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தன. பிள்ளை ஏணையில் நித்திரை.

"இப்பதானா வாறீங்க மிஸ்? நேத்து ராவு எவ்வளவு நேரம் உங்களப் பாத்துக்கிட்டு இருந்தோம். ஆள் அனுப்பினா ஒபீஸால வரல்லன்னாங்க."

"நேற்றோ? நீங்கள் புதன் இரவு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம், புதன் ராவுதான். நேத்து."

"நேற்று செவ்வாய், டீச்சர்."

"செவ்வா பகலோட முடிஞ்சிட்டு. மஃரிபு பாங்கு சொன்னா புதன் ராவு ஆயிடும்தானே."

தவமணிதேவி வாசலிலேயே நின்றாள். டீச்சர் வகுப்பில் சொல்வதுபோல விளக்கினார். எங்களுக்கு நாள் தொடங்குவது பொழுது பட்ட உடனே. முதலில் ராவு, பிறகுதான் பகல். நோன்புக்குப் பிறை பார்க்கிறோம் இல்லையா, பிறை கண்ட ராவிலிருந்துதானே முதல் நோன்புக் கணக்கு, எல்லா நாளும் அப்படித்தான். கடைக்காரரும் ஒபீஸில் வேலை செய்கிறவர்களும் மற்றவர்களோடு பேசும்போது மாற்றிப் பேசிக்கொள்வார்கள், வீட்டுக்குள் இதுதான் பேச்சு. மதிலுக்கு அந்தப் பக்கமும் வீடு மாதிரித்தான் என்று நினைத்து நானும் சொல்லிவிட்டேன் என்று டீச்சர் சிரித்தார். முடிந்துபோன விருந்துக்குச் சட்டைப் பெட்டியோடு வந்து நிற்கிற கோலத்தை நினைத்துத் தவமணிதேவிக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த பெண்களெல்லாம் வந்து சேர்ந்து சிரித்தார்கள். எடுத்து வைத்திருந்த வட்டிலப்பத்தை வெட்டி, தட்டை அவள் கையில் திணித்தார்கள்.

இரண்டாவது வாய் தொண்டைக்குள் இறங்கும்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர், அப்ப வெள்ளி ராவு எண்டால்?"

"வியாழக்கிழம மஃரிபுல இருந்து, வெள்ளிக்கிழம விடியும் வரைக்கும். ஏன் மிஸ், முகம் இப்படிப் போகுது?"

முகம் போகாமல் என்ன செய்யும்? கஹட்டகொல்லையில் பாதிப் பேருக்கு வருத்தம் தொடங்கியது கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு இல்லை. அதற்கு முதல் நாள் இரவு. அடுப்பே மூட்டாத நேரம். அவள் பென்சிலால் வெட்டிய "வெள்ளி காலை" ஆட்கள் ஒரு நிமிஷமும் பிசகவில்லை, ராவு தப்பிய தங்களுக்கு விடியக் காலையில் தொடங்கியதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ராவு வந்த வருத்தம் பகல் போட்ட சாப்பாட்டால் எப்படி வரும் என்று அந்த மனிதர் தொண்டை கிழியக் கேட்டாரே! வேறு எதால் வருவது என்று அவள் கெட்டித்தனமாகத் திருப்பிக் கேட்டாளே! நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதற்குப் பிறகுதான் அடுத்தது உறைத்தது. வெள்ளி ராவு கந்தூரி என்றால், கந்தூரி நாளைக்கு.

உடனே டொக்டர் வீட்டுக்கு ஓடலாம் என்று எழுந்தாள். வட்டிலப்பத்தை முடிக்காமல் வாசல் தாண்ட டீச்சர் விடவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, சாப்பிடுகிற நேரத்தில் யோசிக்க முடிந்தது. ஒரு தரம் அவசரப்பட்டு ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கியது போதும். இப்போதும் கையில் இருப்பது ஒரு சொல்தான். சோற்றில் பிழை இல்லை என்றால், அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு அந்த ஊரில் தங்காமல் போனவர்கள் சுகமாக இருக்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் யார்? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். உக்குவளைக்காரர்கள். அவர்களிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வருத்தம் வந்தவர்களையே சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, வராதவர்களை மறந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் உக்குவளைக்குப் போய் இறங்கினாள். மாப்பிள்ளையின் தமையன் நுஹ்மான் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்போதுதான் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுகாதார அலுவலகம் என்றதும் முகத்தைச் சுளித்தார். சம்பந்தி வீட்டு மானத்தைக் கப்பலேற்றிவிட்டு இப்போது எங்களிடமும் வந்துவிட்டீர்களா என்பது போல ஏதோ முணுமுணுத்தார். உங்கள் பக்கத்து ஆட்களில் யாருக்காவது வயிற்றுக் கோளாறு வந்ததா என்று அவள் கேட்டாள்.

"எங்களுக்கா? ஒருத்தருக்கும் ஒரு ஏப்பம் கூட வரல்ல மிஸ். ரெண்டு வேன்ல போனோம், ரெண்டு வேன்லயும் பாடிக்கிட்டு வந்தோம்."

தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். முஸ்லிம் கல்யாணத்தில் தனித்தனியாக எங்கே சாப்பிடுவது? சஹன்தானே. பெரிய தட்டு ஒன்று, நடுவில் சோறும் இறைச்சியும், சுற்றிவர ஆறு பேர், ஆறு கையும் ஒரே தட்டில். சம்பந்திகள் பழகட்டும் என்று ஒவ்வொரு சஹனிலும் மூன்று உக்குவளையும் மூன்று கஹட்டகொல்லையுமாகக் கலந்து உட்காரவைத்தார்களாம். தன் சஹனில் எதிரே இருந்த மூவரும் வயிறு சரியில்லை என்று சம்பந்தி மரியாதைக்கு இரண்டு வாய்தான் வைத்தார்கள், இப்போது ஆஸ்பத்திரியில் என்று சொல்லிவிட்டு, நான்தான் அதில் அதிகம் தின்றவன் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

தவமணிதேவிக்கு அந்த வயிற்றைக் கும்பிடலாம் போல இருந்தது. ஒரே தட்டு, ஒரே சோறு, பாதிக் கை சுகம், பாதிக் கை சுகமில்லை. அப்படியானால் வித்தியாசம் தட்டில் இல்லை, ஊரில். அப்போது அந்த ஊரில் என்ன?

திரும்பி வருகிற பஸ்ஸில் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் விரித்தாள். கஹட்டகொல்லையின் பாதைகளைக் கையால் கீறி, வருத்தக்கார வீடுகளுக்குச் சிவப்புப் பேனையால் புள்ளி வைத்த படம். புள்ளிகள் எல்லாம் கீழ்ப் பாதையில் இருந்தன. மேல் பாதையில் பெண் வீடு, அங்கே வற்றாத கிணறு. கீழ்ப் பாதையில் கோடைக்குக் கிணறுகள் வற்றிவிட்டதால், ட்ரக்டரில் தாங்கி வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ட்ரக்டர் என்ற சொல் வந்ததும் அவளுக்குப் பிடரியில் அடித்தது போல இருந்தது. பொன்னையா! ஊர்க்காரர் இல்லை, கல்யாணத்தில் சாப்பிடவில்லை, ஆனால் வருத்தம். வேண்டாம் என்று ஒதுக்கிய பத்திரம்.

அந்த நேரம் பார்த்து பஸ் நின்றது. சென்றிப் பொயின்ட். எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும், அடையாள அட்டையைக் காட்டவேண்டும். யாழ்ப்பாணத்து விலாசம் போட்ட அட்டை, கையில் ஒரு கிராமத்தின் படம், படம் நிறையச் சிவப்புப் புள்ளிகள். இவள் ஏன் அதை மடித்துப் பைக்குள் வைக்கவில்லை என்று கேட்டால், சந்தோஷத்தில் மறந்துவிட்டாள், வேறென்ன. ஆமிக்காரப் பொடியன் படத்தை வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பார்த்தான். இந்தப் புள்ளிகள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். அவளுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வயிற்றோட்டத்துக்கு மரியாதையான சொல் எதுவும் வாயில் வரவில்லை.

"பட யனவா," என்றாள். முதல் புள்ளியில் விரலை வைத்தாள். "மெயா பட யனவா." அடுத்த புள்ளி. "மெயாத் பட யனவா."

இவருக்கும் போகிறது, இவருக்கும் போகிறது என்று அவள் ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டே போக, பொடியன் முதலில் முறைத்தான், பிறகு உதட்டைக் கடித்தான், பிறகு முடியாமல் துப்பாக்கியைத் தோளில் சரித்துக்கொண்டு சிரித்தான். பஸ்ஸில் வந்தவர்களும் சிரித்தார்கள். அலுவலக அட்டையைப் பார்த்து, படத்தைப் பக்குவமாக மடித்துக் கொடுத்தான். ஆமிக் காம்புச் சாப்பாட்டால் தனக்கும் அடிக்கடி இதே கஷ்டம்தான், என்ன செய்யலாம் என்று கேட்டான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி தம்பி என்று சைகையும் சிங்களமுமாகச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.

டொக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சிரைக்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும், நானும் இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறேனே, இது தெரியாமல் போயிற்றே என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேரே பொன்னையாவின் கட்டிலுக்குப் போனார்கள். மனிதர் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். போன வியாழக்கிழமை தண்ணீரை எங்கே எடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டதும் பிஸ்கட் கையிலேயே நின்றது.

"டவுன் பைப்புல அன்னைக்கு நீளக் கியூங்க. அங்க சனம் வாய் வறண்டு நிக்குதேன்னு, வர்ற வழியில ஓயாவுல ரொப்பிட்டேங்க. சுத்தமாத்தான் தெரிஞ்சிச்சு. மொதல்ல குடிச்சதே நான்தானுங்க."

ஓயா ஆற்றில் எந்த இடம் என்று கேட்டதற்கு, மேலே மாடு கழுவுகிற துறை ஒன்று இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கீழே என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். டொக்டருக்குக் கோபம் வந்தது, நன்றாக ஏசினார். முதலில் படுத்தவரே அவர்தான் என்பதால் அதற்கு மேல் ஏசவும் மனம் வரவில்லை. கீழ்ப் பாதையில் பானையில் பிடித்துவைத்த அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது, தாங்கியைக் குளோரின் போட்டுக் கழுவவேண்டும், எல்லோரும் கொதித்த தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்று கட்டளைகள் பறந்தன. மத்தியானத்துக்கு முன்னால் அலுவலக ஜீப் கஹட்டகொல்லைக்குள் நுழைந்தது.

மீராசாஹிப் பூட்டிய அறைக்கு முன்னால் கதிரை போட்டு, செத்த வீட்டில் இருப்பது போல உட்கார்ந்திருந்தார். டொக்டர் தன் கையாலேயே அரக்கை உடைத்தார். தவமணிதேவி முன்னால் போய் நின்றாள். பிழை டொக்டருடையது இல்லை, கேள்வி கேட்ட வாலிபர்களுடையதும் இல்லை, முழுக்க என்னுடையது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். பிறகு வெள்ளி ராவுக் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

மீராசாஹிப் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணத்தானா மிஸ் சொல்லிக்கிட்டு இருந்தோம்?" என்றார். "நான் உங்களுக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

கூடி நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. அவருக்குச் சிரிக்க நேரமில்லை. வெயிலைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார், வெங்காயம் உரிக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். அடுப்புக் கல்லை நோக்கி ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி, டொக்டரும் மிஸ்ஸும் வெள்ளி ராவு கந்தூரிக்கு வந்தே ஆகவேண்டும் என்று சத்தமிட்டார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துச் சீல் நீக்கும் உத்தரவை எழுதிக்கொண்டிருந்த டொக்டர், தலை நிமிராமலே சரி சரி என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தவமணிதேவி பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினாள். முதல் பந்தியிலேயே, வேறு எதற்கும் முன்னால், இப்படிப் போட்டாள்: இந்த அறிக்கையில் வெள்ளி ராவு என்பது வியாழக்கிழமை பொழுது பட்டதிலிருந்து வெள்ளிக்கிழமை விடியும்வரை உள்ள இரவைக் குறிக்கும். அந்தப் பந்திக்குக் கீழே கோடும் போட்டாள். டொக்டர் அறிக்கையைப் புரட்டி, பிரமாதம் பிள்ளை என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம், வியாழக்கிழமை, மஃரிபுக்குச் சற்று முன்னதாகவே அவள் நூருன்னிஸா டீச்சரையும் கூட்டிக்கொண்டு கஹட்டகொல்லைக்குப் போய்விட்டாள். பெண்களுக்கு மணப்பெண் வீட்டில் சஹன் வைத்திருந்தார்கள். அவளும் டீச்சரும் இன்னும் நான்கு பெண்களுமாக ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். போன கிழமை படுக்கையில் கிடந்த இரண்டு பேர் அதே தட்டில் அவளுக்கு எதிரே. அவர்கள் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளித் தள்ளி விட்டார்கள். வெளியே நின்றபடி மீராசாஹிப், மிஸ்ஸுக்கு உப்புச் சரியா என்று கேட்டு ஆள் அனுப்பினார். சரி என்று சொல்லக்கூட அவள் வாயில் இடமில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது பட்டது. பள்ளிவாசல் முற்றம் கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. கிடாரங்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. மீராசாஹிப் தின்ற அசதியில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார். அப்போது வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு, கையில் பழப் பொட்டலத்தோடு, நல்ல பசியோடு டொக்டர் உருத்திரமூர்த்தி இறங்கினார்.

மீராசாஹிப் எழுந்து நின்றார். டொக்டரைப் பார்த்தார், வெறும் முற்றத்தைப் பார்த்தார். பெரிய மனிதர் முன்னால் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார். நேற்றுக் கேட்ட கணக்கைப் பழக்கதோஷத்தில் மறந்துவிட்டது டொக்டருக்கும் அப்போதுதான் விளங்கியது. தான் வாசிக்காமலே கையெழுத்து வைத்த அறிக்கையின் முதல் பந்தியில் என்ன இருந்திருக்கும் என்று அந்த முற்றத்தில் நின்றபடியே வாசித்துவிட்டார்.

"மிச்சம் ஏதாவது கிடக்குதே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மிச்சம் கிடக்கு டொக்டர். ஆனா நேத்துச் சோத்த உங்களுக்குத் தர மாட்டேன்," என்றார் மீராசாஹிப். "தந்தா நாளைக்குத் திரும்பி வந்து சீல் வைப்பீங்க. இருங்க, புதுசா ஆக்கித் தாறேன்."

கவிழ்த்துக் கிடந்ததில் ஆகச் சிறிய கிடாரத்தை நிமிர்த்தி, அடுப்பைப் பற்றவைத்தார்.